வரி மறுத்தவனும் படையில் வந்தவனும்

தமிழில் வரிமறுப்புப் போர்களைப் பற்றி எழுந்த இலக்கியம் சிறிதன்று. கதைப்பாடல், கூத்து, மேடை நாடகம், சரித்திர நாவல், திரைப்படம் எனப் பல வடிவங்களில் அது இருநூறு ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ளது. இவ்விலக்கியத்தை ஒருங்கே வைத்து நோக்குவோமாயின், அதில் இரண்டு பாத்திரங்களே நிலையாக நிற்பதைக் காணலாம். ஒருவன் வரி கொடேன் என்று நிமிர்ந்து நின்ற வீரன். மற்றவன் அவனைக் காட்டிக்கொடுத்த துரோகி. ஆனால் வரலாற்றில் மூன்றாவது ஒருவனும் இருந்தான். வரி கேட்டவனின் படையிலே துப்பாக்கி சுமந்து, வரி மறுத்தவனின் கோட்டையை நோக்கி நடந்து வந்தவன் அவன். பெரும்பாலும் அவனும் ஓர் உழவனின் மகனே; அவன் வீட்டிலும் வரி வாங்கப்பட்டது. அவன் எவ்வாறு திரட்டப்பட்டான், எதற்காக வந்தான் என்று நமது இலக்கியம் கேட்டதுண்டா? அவ்வினாவைக் கேளாமல் விட்டதனால் நேர்ந்த குறை யாது? இவற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

கட்டபொம்மன் கதையிலிருந்து தொடங்குவது பொருந்தும். பாளையக்காரரிடம் திறை வாங்கும் உரிமையை 1792 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் ஆர்க்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைத்தான். அதன்பின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் கும்பினிக்கும் இடையே மூண்ட பிணக்கு, 1798 செப்டெம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுடன் நிகழ்ந்த சந்திப்பிலே கைகலப்பாயிற்று. 1799 செப்டெம்பரில் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினான். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தனர். ஒக்டோபர் 16 ஆம் நாள் கயத்தாற்றில் அவன் தூக்கிலிடப்பட்டான். இவை யாவரும் அறிந்த செய்திகள்.

இக்கதையை மக்கள் உள்ளத்தில் நிலைநிறுத்தியது 1959 இல் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படமாகும். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் பேசிய வரி வசனத்தை அறியாத தமிழ்ப் பிள்ளை அரிது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பாடசாலை விழா என்றால் அவ்வசனத்தை ஒப்புவிக்க ஒரு மாணவனாவது முன்வருவான். வயல் குறைந்து பனையும் கடலும் சோறு போடும் இத்தீவுகளிலே, நாற்று நடவைப் பற்றிய அவ்வசனம் இன்றுவரை கைதட்டல் பெறுகின்றது. அதன் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆயின், அவ்வசனத்தின் உள்ளடக்கத்தைச் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். உழவுத் தொழிலின் படிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இவற்றுள் எதிலும் பங்கில்லாத நீ எவ்வுரிமையால் பங்கு கேட்கிறாய் என்று வெள்ளைக்காரனை மடக்குவதே அதன் தருக்கம். இது உழைப்பவனின் தருக்கம். உழுதவனுக்கே விளைவு உரியது என்னும் நியாயம். ஆனால் அதனைப் பேசுபவனோ உழுதவனல்லன். உழுதவனிடம் வாங்கி வாழ்ந்தவன். தேசகாவல், ஸ்தலகாவல் என்ற பெயர்களில் ஊர்கள் தோறும் பாளையக்காரர் பெற்றுவந்த கட்டணங்கள் உழவனின் களத்திலிருந்தே சென்றன. அதே கேள்வியை ஓர் ஏழை உழவன் எழுந்து பாளையக்காரனை நோக்கிக் கேட்டிருந்தால் படம் என்ன விடை சொல்லியிருக்கும்? சண்டைக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று, தானாபதிப் பிள்ளையின் ஆட்கள் ஸ்ரீவைகுண்டத்தில் கும்பினியின் நெல்லைக் கொள்ளையிட்டமை. அந்த நெல்லைக் கும்பினி விளைவிக்கவில்லை; பாளையக்காரனும் விளைவிக்கவில்லை. விளைவித்தவன் இக்கதையில் கூட்டத்திலே ஒருவனாக நின்று கைதட்டுகின்றான்.

இதனால் கட்டபொம்மனின் எதிர்ப்பு பொருளற்றது என்று நாம் கூறவில்லை. அந்நிய வணிகக் கும்பினி ஒன்று நாட்டையே குத்தகைக்கு எடுத்த காலத்தில் அதற்குப் பணியாது நின்றமை முற்போக்கான செயல் என்பதில் ஐயமில்லை. நாம் கூறுவது வேறு. உழவனின் நியாயத்தை எடுத்துக்கொண்ட கலை, உழவனைப் பாத்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. வரி கொடுத்தவனாக அவனைக் காட்டாதது போலவே, படையில் வந்தவனாகவும் காட்டவில்லை.

அப்படையில் வந்தவர் யாவர்? பானர்மனின் கீழ் வெள்ளையர் சிலரே இருந்தனர். பெருந்தொகையினர் தமிழகத்திலும் அயலிலும் ஆள்சேர்க்கப்பட்ட சிப்பாய்கள். ஓயாத போர்களாலும் பஞ்சங்களாலும் நிலைகுலைந்த கிராமங்களிலிருந்து மாதச் சம்பளம் ஒன்றை நம்பி வந்தவர்கள். அவர்களோடு எட்டயபுரம் முதலிய பாளையங்களின் ஆட்களும் சேர்ந்து வந்தனர். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லை ஊர்கள் பற்றிய பகை நெடுநாள் இருந்தது. அப்பகையைக் கும்பினி தன் படைக்கலமாக்கிக்கொண்டது. போர் முடிந்தபின் பாஞ்சாலங்குறிச்சியின் ஊர்கள் பிரித்து வழங்கப்பட்டபோது எட்டயபுரத்துத் தலைவனுக்குப் பங்கு கிடைத்தது. அவனுக்காக வேல் பிடித்து வந்தவனுக்கு என்ன கிடைத்தது? அவனுக்குக் கிடைத்தது ஒரு வசைச்சொல்லின் நிழல் மட்டுமே. எட்டப்பன் என்பது அப்பாளையக்காரர் பரம்பரையின் பட்டம். இன்றோ அது காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் பொதுப்பெயர். பாரதி பிறந்த ஊர் அது என்பதுகூட அந்த வசையைத் துடைக்கவில்லை.

இங்கே ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் தகும். 1801 இல் இரண்டாம் முறையாகப் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது ஊமைத்துரை படுகாயமுற்றுக் களத்திலே கிடந்தான். மகனைத் தேடி வந்த ஒரு கிராமத்துத் தாய் அவனைக் கண்டெடுத்தாள். எட்டயபுரத்து ஆட்கள் நெருங்கி வந்ததும் பெண்கள் அவனைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தனர். அம்மை என்றதும் வந்தவர்கள் அஞ்சி ஓடினர். இதனை எழுதிவைத்தவன் எதிர்ப்படையில் நின்ற வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி. இந்நிகழ்ச்சியைச் சொல்லுவோர் அப்பெண்களின் சமயோசிதத்தை வியப்பர், வியக்க வேண்டியதே. ஆயினும் ஓடியவர்களையும் ஒருகணம் நோக்குவோம். அவர்களும் அதே மாரிக்கு அஞ்சுபவர்கள். அதே ஒப்பாரியைத் தம் வீட்டில் கேட்டவர்கள். பெண்களின் தந்திரம் பலித்ததே இரு சாராரும் ஒரே வாழ்க்கையை உடையவராய் இருந்ததனால்தான். இந்த உண்மையை ஓர் ஆங்கிலேயனின் நினைவுக்குறிப்பிலே காண்கின்றோம். நமது நாடகங்களிலே காணோம்.

நாட்டார் கதைப்பாடல் இவ்விடயத்தில் நமது படித்தவர் இலக்கியத்தைவிடச் சற்று விரிந்த பார்வை உடையது. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களுள் 'கான்சாகிபு சண்டை'யும் ஒன்று. அதன் நாயகன் யூசுப்கான், இராமநாதபுரச் சீமையிற் பிறந்து கும்பினியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாக உயர்ந்தவன். பூலித்தேவன் முதலிய பாளையக்காரரை அடக்கி, மதுரையிலும் திருநெல்வேலியிலும் வரி வசூலித்தவன். வரி கேட்ட படையின் தலைவனே அவன். பின்னர் அவனே நவாபுக்கும் கும்பினிக்கும் எதிராகக் கொடி உயர்த்தி, மதுரையை நெடுநாள் காத்து, தன்னவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 ஒக்டோபர் 15 இல் தூக்கிலிடப்பட்டான். மேடை நாடகத்தின் அளவுகோலால் இவனை அளக்க முடியுமா? முதற்பாதியில் அவன் துரோகி, பிற்பாதியில் வீரன் என்று வெட்டிப் பிரிக்க வேண்டிவரும். நாட்டுப்பாடகன் அவ்வாறு வெட்டவில்லை. ஒரு மனிதனின் எழுச்சியும் வீழ்ச்சியுமாக முழுவதையும் பாடினான். கூலிக்குப் படையில் நின்றவன் மாறக்கூடியவன் என்பதை அவன் ஏற்றுக்கொண்டிருந்தான்.

கிளர்ச்சிக்காரரும் இதனை அறிந்திருந்தனர். 1801 ஜூனில் மருது சகோதரர்கள் திருச்சிராப்பள்ளியில் ஒட்டுவித்த அறிக்கை பெரிதும் போற்றப்படுவது. அதன் சுதந்திர முழக்கத்தை எடுத்துக்காட்டுவோர் பலர். அது யாரை விளித்தது என்பதைக் கவனித்தவர் சிலரே. எல்லா வருணத்தாரையும் முஸ்லிம்களையும் விளித்த அவ்வறிக்கை, வெள்ளையரின் கீழ்ப் பணிபுரிந்த சிப்பாய்களையும் அவர்களின் சிறு அதிகாரிகளையும் தனியே அழைத்து, ஆயுதத்தைத் திருப்புமாறு கேட்டது. தம்மைச் சுட வந்தவனைத் தம்மவனாக எண்ணி எழுதிய அறிக்கை அது. அவ்வாண்டு ஒக்டோபர் 24 இல் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஐந்தாண்டுகள் கழியுமுன், 1806 ஜூலை 10 இல் வேலூர்க் கோட்டையிலே அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் எழுந்தனர். அறிக்கைதான் அவர்களை எழுப்பியது என்று நாம் வலிந்து கூற வேண்டியதில்லை. சிப்பாய் என்பவன் கல்லாற் செய்த பொம்மையல்லன் என்று மருதுவர் எண்ணியது பிழையன்று என்பதே போதும்.

இனி நமது மண்ணுக்கு வருவோம். இங்கும் நிலைமை வேறன்று. ஒருவகையில் இன்னும் விசித்திரமானது. 1619 இல் பிலிப்பே டி ஒலிவேறா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். சங்கிலி மன்னன் திறை செலுத்தாது நிலுவை வைத்தான் என்பது பறங்கியர் சொன்ன காரணங்களுள் ஒன்று. இவ்வீழ்ச்சிக்கு யாழ்ப்பாண வைபவமாலை காட்டும் காரணம் காக்கை வன்னியனின் துரோகம். ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழிந்து, 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியன், ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்டான். வன்னி மரபுக் கதை இத்தோல்விக்குக் காட்டும் காரணம் என்ன? அங்கும் காக்கை வன்னியனின் துரோகம்! பண்டாரவன்னியனின் தங்கையை மணக்கக் கேட்டு மறுக்கப்பட்டமையால் அவன் பகைகொண்டானாம்.

ஒரே பெயர் இருநூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு அரசுகளைக் காட்டிக்கொடுக்கின்றது. அவ்வாறு இருவர் இருந்திருக்க முடியாதென்பதல்ல நமது வாதம். வீழ்ச்சியைச் சொல்ல வந்த கதைக்கு ஒரு துரோகி தேவைப்பட்டபோது, ஆயத்தமாக இருந்த பெயரை அது எடுத்துக்கொள்ளுகின்றது என்பதே இங்கு புலனாகின்றது. வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்கிணங்க எழுந்த நூல் என்பர். ஓர் அரசு வீழ்ந்ததற்கு ஒருவனின் வஞ்சகமே காரணம் என்ற விளக்கம், அவ்விடத்தில் வந்தமர்ந்த எந்த அந்நியனுக்கும் இடையூறற்ற விளக்கம். பறங்கியரின் படையில் நின்றவருட் பெரும்பாலார் லஸ்கரின்கள், அதாவது இந்நாட்டவரே. அவர்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தனர், நிலத்துக்கா, சம்பளத்துக்கா, வரிவிலக்குக்கா, அன்றி அதிகாரிக்கு அஞ்சியா என்று வைபவமாலை கேட்பதில்லை. வன்னிக் கதையும் அப்படியே. பண்டாரவன்னியனை வளைக்க யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் மூன்று படைப்பிரிவுகள் சென்றன. யானைத் திறை கேட்ட ஒல்லாந்தன் போய், முழு வருமானமும் கேட்ட ஆங்கிலேயன் வந்த காலம் அது. இத்தனை பெரிய நிகழ்ச்சியை ஒரு கலியாணப் பேச்சின் முறிவாகக் கதை சுருக்கிவிட்டது.

துரோகி என்ற விளக்கத்துக்கு ஒரு வரம்பு உண்டு. படையில் வந்தவன் நம்மவனாயிருந்தால் அவன் துரோகி. பிறமொழியாளனாயிருந்தால் அவன் வெறும் அந்நியன். இலங்கையின் ஆங்கில ஆட்சி இதனை நன்கு பயன்படுத்தியது. 1796 இல் கும்பினி தென்னை மரங்களுக்கு வரி விதித்தது. அதனை வாங்கச் சென்னையிலிருந்து அமில்தார்களைக் கொண்டுவந்து, உள்ளூர் முதலிமாரை ஒதுக்கியது. 1797 இல் தென்னிலங்கை மக்கள் எழுந்தனர். அம்மக்கள் கண்ட வரிகாரன் கும்பினியின் பங்குதாரன் அல்லன்; சென்னையிலிருந்து வந்த நமது மொழிக்காரன். ஆகவே சிங்கள உழவனின் சினம் எங்கே திரும்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1848 இல் மீண்டும் அதுவே நிகழ்ந்தது. தேசாதிபதி ரொறிங்ரன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி விதித்தான். ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை, அன்றேல் அதற்கீடான பணம் என்ற சட்டமும் வந்தது. ஜூலை 26 இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். ஜூலை 28 இல் கிளர்ச்சிக்காரர் மாத்தளையைத் தாக்கினர். மறுநாள் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஓகஸ்ட் 8 இல் புரான் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். அதே மாதத்தில் குடாபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டார். கிளர்ச்சியை அடக்கச் சென்றது இலங்கை றைபிள் படை. அதன் சிப்பாய்களிற் பெரும்பாலார் மலாய்க்காரர். ஒல்லாந்தரால் நாடு கடத்தப்பட்டும் படையாட்களாகவும் சாவகம் முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். தம் முன்னோரின் நிலத்தை ஒரு வெள்ளையனிடம் இழந்தவர்கள், இன்னொரு வெள்ளையனின் வரிக்காக மாத்தளை உழவனைச் சுட்டார்கள். இதைவிடப் பெரிய துன்பியற் கரு ஓர் எழுத்தாளனுக்கு வேண்டுமா?

சிங்களத் திரையுலகம் 1978 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் இயக்கத்தில் 'வீர புரான் அப்பு' படத்தை எடுத்தது. தமிழில் மாத்தளைக்கு என்ன இடம்? 1848 என்றதும் நமது மாணவன் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆண்டு என்பான். அது சரியான விடையே. அதே ஆண்டில் ஐரோப்பாவின் தலைநகரங்கள் கொந்தளித்ததையும் மாத்தளையில் நாய்வரிக்கு எதிராக உழவர் எழுந்ததையும் அவன் ஒன்றாக வைத்துப் பார்க்க நாம் கற்பிக்கவில்லை. கயத்தாற்றுப் புளியமரம் பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ளது. ஆயினும் நமக்கு அண்மையிலிருக்கின்றது. மாத்தளை நம் தீவிலேயே உள்ளது, ஆயினும் தூரத்திலிருக்கின்றது. வரிமறுப்பை இனத்தின் சொத்தாக்கிய இலக்கியப் பார்வையின் விளைவு இது.

இது கீழைத்தேயத்துக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவின் எல்லைப்புறத்தில், பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில், 1794 இல் ஒரு வரிக்கலகம் நிகழ்ந்தது. தானியத்தை மலை கடந்து சந்தைக்குக் கொண்டுசெல்ல இயலாத சிறு உழவர் அதனை விஸ்கியாக வடித்து விற்றனர். 1791 இல் நிதியமைச்சர் ஹமில்ரன் அதன்மீது தீர்வை விதித்தார். பெரிய வடிசாலைகளைவிடச் சிறு உழவனையே அது கூடுதலாக அழுத்தியது. உழவர் எதிர்த்தபோது, வரியை எதிர்த்தே சுதந்திரம் பெற்ற அந்நாட்டின் முதல் ஜனாதிபதி வாஷிங்ரன் நான்கு மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட குடிப்படையைத் திரட்டினார். நாம் கவனிக்க வேண்டியது, அப்படைக்கு ஆட்பிடித்தபோதே பல இடங்களில் எதிர்ப்பு எழுந்தமை. போக மறுத்தவர் பலர். மேரிலாந்திலும் வேர்ஜீனியாவிலும் ஆட்சேர்ப்புக்கு எதிராகவே கலகம் நடந்தது. வரியை மறுத்த உழவனும் படையை மறுத்த உழவனும் ஒரே இயக்கத்தின் இரு கைகள். நம் நாட்டிலும் அவ்வாறு படைக்குப் போக மறுத்தவர், போய் ஓடி வந்தவர், துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டவர் இருந்திருக்க மாட்டார்களா? அவர்களைக் கற்பனை செய்ய நமது நாவலாசிரியர் ஒருவருக்கேனும் தோன்றவில்லையே!

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். காட்டிக்கொடுத்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறீரா என்று சிலர் கேட்பர். அன்று. தலைவனையும் தொண்டனையும் வேறுபடுத்த வேண்டும் என்கிறோம். நிலமும் பட்டமும் பெறுவதற்காக அந்நியனோடு உடன்பட்ட பாளையக்காரனும் மணியகாரனும் முதலியும் தம் வர்க்க நலனை அறிந்தே செயற்பட்டனர்; அவர்களை வரலாறு குற்றவாளிக் கூண்டில் நிறுத்தட்டும். அவர்களின் ஏவலில் வந்த ஏழையையும் அதே கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. மேலும், எல்லாவற்றையும் ஒருவனின் குணக்கேடாகச் சொல்லிவிட்டால், வரி எவ்வாறு விதிக்கப்பட்டது, படை எவ்வாறு திரட்டப்பட்டது, ஏழையை ஏழைக்கு எதிரே நிறுத்திய ஏற்பாடு யாது என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லாது போகின்றது. எட்டப்பனைத் திட்டி முடித்தவன் ஆட்சிமுறையை மறந்து வீட்டுக்குப் போகிறான்.

இஃது இலக்கியத்துக்குள் அடங்கும் குறையாயின் இத்துணை வற்புறுத்த வேண்டியதில்லை. துரோகி என்ற சொல் இம்மண்ணில் மேடையை விட்டு இறங்கி வந்த கதையை நாம் அறிவோம். போர்க்காலத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பினரின் கையில், அச்சொல் தீர்ப்பாகவும் தண்டனையாகவும் இருந்தது. மின்கம்பத்தில் கட்டப்பட்டவனின் கழுத்தில் அது அட்டையாகத் தொங்கியது. அவன் செய்தது என்ன, யார் விசாரித்தார், அவன் எதற்கு அஞ்சினான் என்று கேட்கத் துணிந்தவர் சிலரே. மற்றவர் அந்த அட்டையை வாசித்துவிட்டு நடந்தனர். ஒரு சொல்லை வாசித்ததும் சிந்தனையை நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தை ஒரு சமூகம் ஒரே நாளிற் பெறுவதில்லை. அப்பழக்கத்தை வளர்த்த பல காரணங்களுள் நமது கூத்துக்களும் நாடகங்களும் திரைப்படங்களும் பாடசாலைப் பேச்சுப்போட்டிகளும் அடங்கும் என்பதை ஆசிரியராகிய நாம் மறைக்க முடியாது.

செய்யவேண்டியது என்ன? கட்டபொம்மன் வசனத்தைப் பாடசாலையிலிருந்து விலக்க வேண்டியதில்லை; பிள்ளைகள் பேசட்டும். பேசி முடித்த மாணவனிடம் இரண்டு கேள்விகளை ஆசிரியர் கேட்கலாம். இவ்வசனத்தில் வரும் வேலைகளைச் செய்தவன் யார்? கோட்டைக்கு வெளியே பீரங்கி இழுத்து வந்தவன் யார்? இவ்விரண்டுக்கும் விடை தேடும் மாணவன் வரலாற்றைப் புதிதாகப் படிப்பான்.

எழுத்தாளருக்கும் இத்தீவுகளிலே கருவுக்குப் பஞ்சமில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டையைப் பறங்கியர் கட்டினர். 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தனர். பின்னர் ஆங்கிலேயர் வைத்திருந்தனர். அக்கோட்டையின் தளபதிகளைப் பற்றி நூல்கள் உண்டு. அதற்கு முருகைக்கல் சுமந்தவன், ஊழியத்துக்குப் பிடிக்கப்பட்டவன், தோம்பிலே பெயர் பதியப்பட்டுத் தலைவரி கொடுத்தவன், அக்கொடுமை தாங்காது லஸ்கரினாகச் சேர்ந்து மற்றொரு ஊரின் வரிக்காக அனுப்பப்பட்டவன், இவர்களைப் பற்றி ஒரு சிறுகதைதானும் நம்மிடம் இல்லை. அந்த லஸ்கரின் ஊர் திரும்பி வந்த நாளில், அவன் தாய் அவனை எவ்வாறு வரவேற்றிருப்பாள்? ஊரார் அவனை என்ன பெயர் சொல்லி அழைத்திருப்பர்? இதை எழுதத் துணியும் இளம் எழுத்தாளர் ஒருவர் தீவகத்திலிருந்தே தோன்ற வேண்டும்.